தண்ணி வத்தினா ஊர் தெரியும்

"அகதா கிறிஸ்டி எல்லாம் படிச்சாச்சுங்க்கா, இந்தக் காலத்துல எழுதறவங்க யாராவது நாலு பேர் சொல்லுங்க" என்று கம்பெனியில் ஒரு தம்பி கேட்டு மூன்று மாதம் ஆகிறது. வாட்ஸ்அப்பில் நாலு பெயரைத் தட்டி அனுப்பியிருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். ஆனால் வெறும் பெயரை மட்டும் கொடுப்பது, ஒறம்பரை வந்தவர்களுக்கு வட்டலை வைத்துவிட்டுச் சோறு போடாமல் போவது மாதிரி. அதனால் தம்பி, கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர். 16 வருடமாக இங்கிலாந்து பையர்களோடு மெயிலில் குடும்பம் நடத்துகிறேன், அந்த மண்ணை ஒரு தடவைகூட மிதித்ததில்லை. "இது எங்களுக்குச் சற்றே கவலையாக இருக்கிறது" என்று அவர்கள் எழுதினால் ஆர்டர் கையை விட்டுப் போகப்போகிறது என்று அர்த்தம். "சுவாரசியமான யோசனை" என்றால் அது நடக்கவே நடக்காது என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடமும் கேன்சலான ஒரு ஷிப்மென்ட்டும் ஆனது. பிரிட்டிஷ் கிரைம் நாவல்கள் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அந்த ஊர் போலீஸ்காரர்கள் ரத்தக்கறையைத் தேடுவதைவிட, எதிரில் உட்கார்ந்திருப்பவர் எந்த இடத்தில் பேச்சை மாற்றினார் என்பதைத்தான் அதிகம் தேடுகிறார்கள்.

ஆரம்பித்து வைத்தது பீட்டர் ராபின்சனின் 'இன் எ ட்ரை சீசன்'. 1999ல் வந்தது. உக்கடம் பழைய புத்தகக் கடையில் அறுபது ரூபாய்க்கு வாங்கினேன், அட்டையில் யாரோ டீ டம்ளர் வைத்த வட்டம் அப்படியே இருந்தது. ஆசிரியர் பெயர் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. பின்னட்டையைத் திருப்பினால் கதை இது: வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் கடும் வறட்சி, ஒரு நீர்த்தேக்கம் அடிவரைக்கும் வற்றிவிடுகிறது, உள்ளே மூழ்கிக் கிடந்த கிராமம் வெளியே வருகிறது, அங்கே விளையாடப் போன ஒரு பையன் கையில் மனித எலும்பு அகப்படுகிறது.

சத்தியமங்கலம் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. பவானிசாகர் அணை வேலை 1948ல் ஆரம்பித்து 1955ல் முடிந்தது. உள்ளே டணாயக்கன்கோட்டை இருக்கிறது, அதில் மாதவப் பெருமாள் கோயில் இருக்கிறது. மழை பொய்த்த வருடங்களில் நீர்மட்டம் நன்றாக இறங்கினால் கல் மண்டபம் தலை காட்டும், பேப்பரில் படம் வரும், சனம் பார்க்கக் கிளம்பிவிடும். அந்த அணைக்குள் போன ஊர்களில் ஒன்றுதான் என் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், பிறந்த ஊர். வீட்டைக் காலி செய்தபோது அவருக்குப் பத்து, பன்னிரண்டு வயது இருக்கும். ஓட்டைப் பிரித்து, வாசல் நிலவைப் பெயர்த்து, கதவு, உத்தரம் எல்லாவற்றையும் மாட்டு வண்டியில் ஏற்றினார்களாம். ஆட்டுக்கல்லை மட்டும் ஏற்ற முடியவில்லை. ஏற்கெனவே வண்டி நிறைந்துவிட்டது, மாடும் ஒன்று நொண்டி, அடுத்த நடையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு வந்தார்கள். அடுத்த நடை போகவே இல்லை.

2017 வறட்சியில் வேன் பிடித்து அமுச்சியைக் கூட்டிப்போனோம். சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, நடந்தால் காலுக்கடியில் ஓடு நொறுங்குகிற சத்தம். நாங்களெல்லாம் தூரத்தில் தெரிந்த கோயிலைப் பார்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம். அமுச்சி குனிந்து குனிந்து தரையையே பார்த்துக்கொண்டு நடந்தார். என்னங்க தேடறீங்க என்று கேட்டால் ஆட்டுக்கல்லு என்றார். கிடைக்கவில்லை. வரும் வழியில் வேனில் யாரும் பேசவில்லை.

இப்படி ஒரு குடும்பத்தில் பிறந்தவள் அந்தப் பின்னட்டையைப் படித்துவிட்டுப் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு வர முடியுமா?

கதையில் வரும் இன்ஸ்பெக்டர் பேங்ஸுக்கு மேலதிகாரியோடு ஆகாது. மனைவி பிரிந்து போயாயிற்று. அவனைச் சிறுமைப்படுத்தத்தான் இந்தப் பழைய எலும்புக்கூட்டு கேஸைத் தலையில் கட்டுகிறார்கள். தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன் என்று நம் ஊரில் மிரட்டுவார்களே, இங்கே அது சொல்லுக்குச் சொல் நிஜமாகிறது, மனிதனை வற்றிப்போன அணைக்குள்ளேயே இறக்கிவிடுகிறார்கள். ஆனால் நாவலின் உயிர் அவனிடம் இல்லை. நடுநடுவே இன்னொரு குரல் வருகிறது, இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அந்தக் கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண்ணுடைய குரல். ரேஷன், இருட்டடிப்பு, பக்கத்து விமானதளத்துக்கு வந்திறங்கிய அமெரிக்கப் பையன்கள், வயல் வேலைக்கென்று லண்டனிலிருந்து வந்து ஊரையே திரும்பிப் பார்க்க வைத்த குளோரியா என்கிற பெண். நமக்குத் தெரியும் இந்த ஊர் தண்ணீருக்குள் போகப்போகிறது என்று. அவர்களுக்குத் தெரியாது. அந்த ஒன்றே போதும், அவர்கள் கடையில் நின்று பழமை பேசிக்கொண்டிருக்கிற சாதாரணப் பக்கங்கள்கூட நெஞ்சைப் பிசைகின்றன.

பாதி படித்திருந்தபோது அமுச்சியிடம் கதையைச் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே முழுக்கக் கேட்டுவிட்டு, "ஊரைக் காலி பண்ணச் சொன்னப்போ, வெசனமே இல்லாம மொதல்ல வண்டி பூட்டுனது ஆருன்னு பாரு அம்மணி" என்றார். அவர் கணக்கு சரியா தப்பா என்று சொன்னால் உங்களுக்கு முடிச்சு அவிழ்ந்துவிடும். ஆனால் அன்றிலிருந்து எந்தக் கிரைம் நாவலை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது அந்த ஆளைத்தான்.

யார்க்‌ஷயரில் பிறந்த ராபின்சன் பெரும்பாலும் கனடாவில் உட்கார்ந்துதான் அந்த ஊரை எழுதினார், 2022ல் இறந்துவிட்டார். தூரத்தில் இருந்து எழுதியதால்தானோ என்னவோ, கற்சுவர், மேய்ச்சல் நிலம், இருட்டான சாராயக்கடை எல்லாம் அவ்வளவு துல்லியம்.

இதே மாதிரிக் கதையை அதற்கு ஒரு வருடம் முன்னால், 1998ல், ரெஜினால்ட் ஹில்லும் எழுதிவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 'ஆன் பியூலா ஹைட்'. அதிலும் யார்க்‌ஷயர், அதிலும் அணைக்காகக் காலி செய்த பள்ளத்தாக்கு, அதிலும் வறட்சி. ஊர் காலியாகிற அந்தக் கோடையில் மூன்று சிறுமிகள் காணாமல் போனார்கள், சந்தேகப்பட்ட ஆளும் மறைந்துவிட்டான். 15 வருடம் கழித்துத் தண்ணீர் வற்றுகிறது, இடம்பெயர்ந்த சனம் குடியேறிய ஊரில் இன்னொரு சிறுமியைக் காணோம், அவன் திரும்பி வந்துவிட்டான் என்று சுவரில் யாரோ எழுதி வைக்கிறார்கள். காப்பி அடித்தார்களோ என்று யோசிக்க வேண்டாம். 1995ல் யார்க்‌ஷயரில் நிஜமாகவே பெரிய வறட்சி, லாரி லாரியாகத் தண்ணீர் கொண்டுவந்து அணைகளில் ஊற்றினார்கள். இங்கிலாந்திலா என்று நாம் சிரிக்கலாம், ஆனால் நடந்தது. கொஞ்சம் தெற்கே டெர்பிஷயரில் லேடிபவர் நீர்த்தேக்கத்துக்காக டெர்வென்ட், ஆஷப்டன் என்று இரண்டு கிராமங்களை 1940களில் மூழ்கடித்தார்கள். டெர்வென்ட் தேவாலயத்தின் கோபுரத்தை மட்டும் நினைவாக விட்டுவைத்தார்களாம், தண்ணீருக்கு நடுவே அது தனியாக நின்றது, ஆட்கள் நீந்திப் போகிறார்கள் ஆபத்து என்று 1947ல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். 1976, 1995, 2018 மாதிரி வறண்ட வருடங்களில் அந்த ஊர்ச் சுவர்களின் அடி இன்னமும் வெளியே தெரிகிறது, அங்கேயும் சனம் பார்க்கக் கிளம்பிவிடுகிறது.

ஹில்லைப் படிக்க ஒரு எச்சரிக்கை. அவருடைய கதைகளில் வரும் போலீஸ் கண்காணிப்பாளர் ஆண்டி டேல்சீல், ஆள் பெருத்த உடம்பு, வாயைத் திறந்தால் கூசும். டேல்சீல் என்று எழுத்தைப் பார்த்து நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், உச்சரிப்பு 'டீ-யெல்' என்று வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. பழைய ஸ்காட்லாந்து எழுத்து ஒன்றை அச்சுக்காரர்கள் இல்லாத குறைக்கு 'இசட்' போட்டு அச்சடிக்கப்போய் வந்த வினை. நம் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் அதே 'இசட்'டைப் போட்டுவிட்டு வடக்கத்திக்காரர்கள் சொல்வதைக் கேட்டு நொந்துகொள்கிற நமக்கு இது புதிதில்லை.

சரி, இதெல்லாம் போலீஸ் கதை. தம்பி கேட்டது கிரைம்தான், ஆனால் என் மனதில் முதலிடத்தில் இருப்பது கிரைம் மாதிரி ஆரம்பித்து வேறெங்கோ போகிற ஒரு நாவல். ஜான் மெக்ரெகரின் 'ரிசர்வாயர் 13', 2017. குளிர்காலம், டெர்பிஷயர் மாதிரி மலைப்பகுதியில் ஒரு கிராமம், விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்த 13 வயதுப் பெண் காணாமல் போகிறாள். ஊரே வரிசையாக நின்று மேட்டுக்காட்டைச் சல்லடை போடுகிறது. அப்புறம்? அப்புறம் ஊர் பிழைப்பைப் பார்க்கப் போகிறது. 13 அத்தியாயம், ஒவ்வொன்றும் ஒரு வருடம். ஆடு குட்டி போடுகிறது, ஒருத்தி புருஷனை விட்டுப் போகிறாள், நரி வளைக்குள் குட்டிகளை நக்குகிறது, பக்கத்து ஊரோடு கிரிக்கெட்டில் வழக்கம்போலத் தோற்கிறார்கள், யாரோ ஒருவர் கனவில் அந்தப் பெண் வருகிறாள். எல்லாம் ஒரே பத்தியில், ஒரே குரலில், மனிதருக்கும் நரிக்கும் வித்தியாசம் பார்க்காமல். பேச்சுக்கு மேற்கோள் குறிகூடக் கிடையாது. முதல் நாற்பது பக்கம் எனக்கு எரிச்சலாக இருந்தது, மூன்றாவது வருடம் வந்தபோது அந்த ஊர்க்காரி ஆகிவிட்டேன்.

அந்த ஊரில் வருடா வருடம் ஒரு நோம்பி வரும். ஊற்றுக்கும் கிணற்றுக்கும் நன்றி சொல்லி அலங்காரம் செய்வது, டெர்பிஷயரில் இன்றும் நடக்கிற வழக்கம். பெரிய பலகையில் ஈரக் களிமண்ணைப் பூசி, அதில் பூவிதழ்களை ஒவ்வொன்றாக அழுத்திப் படம் செய்து தண்ணீர்ப்பக்கம் நிறுத்துவார்கள். யாருக்கு எந்த வேலை, யார் இந்த வருடம் வரவில்லை, போன வருடம் இதைச் செய்தவர் எங்கே என்று மெக்ரெகர் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போவார். மாரியம்மனுக்குப் பூச்சாட்டிக் கம்பம் நட்டால் பதினைந்து நாளும் ஊர் எப்படி இருக்கும், அந்தப் பதினைந்து நாளில் எத்தனை பகை தெரியும், எத்தனை பகை மறையும் என்று தெரிந்தவர்கள் இதை இங்கிலாந்துக்காரர்களைவிட நன்றாகப் படிப்பார்கள். கடைசியில் என்ன ஆயிற்று என்று தெரிந்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் மட்டும் தயவுசெய்து தொடவேண்டாம், அப்புறம் எனக்கு போன் போட்டுத் திட்டுவீர்கள்.

அதே டெர்பிஷயரில், முடிச்சும் வேண்டும் ஊரும் வேண்டும் என்றால் வால் மெக்டர்மிட்டின் 'எ ப்ளேஸ் ஆஃப் எக்ஸிகியூஷன்', 1999. காலம் 1963 டிசம்பர், இடம் ஸ்கார்டேல் என்று மலைக்கு நடுவே ஒரு சந்து மாதிரி ஊர், மொத்தமே மூன்று குடும்பப் பெயர்தான், எல்லாரும் எல்லாருக்கும் பங்காளி, வெளியாள் வந்தால் கதவு திறக்காது. அங்கேயும் 13 வயதுப் பெண் காணாமல் போகிறாள். இளம் இன்ஸ்பெக்டர் ஜார்ஜ் பென்னெட் டீ குடித்துக் குடித்தே அந்த ஊர் வாயைத் திறக்கப் பார்க்கிறான். ஒரு ஊர் மொத்தமாகச் சேர்ந்து மௌனமாக இருந்தால் அதன் கனம் எவ்வளவு என்று இதில்தான் பார்த்தேன். என் உக்கடத்துப் பிரதியில் எனக்கு முன்னால் படித்த மகராசன் 112ஆம் பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் "இவன்தான்" என்று அம்புக்குறி போட்டு வைத்திருந்தான். இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவில்லை. அப்புறம் படித்து முடித்தால் அவன் சொன்னதும் முழுசாகச் சரியில்லை, நல்லவேளை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆன் க்ளீவ்ஸ், 'ரேவன் ப்ளாக்', 2006. ஸ்காட்லாந்துக்கும் மேலே ஷெட்லண்ட் தீவுகள், பனி, ஊரே சந்தேகப்படுகிற ஒரு தனிக்கட்டைக் கிழவர். துப்பறிகிறவர் பெயர் பெரெஸ். 1588ல் ஸ்பெயின் படையெடுப்பில் உடைந்த கப்பலிலிருந்து கரையேறிய வம்சம் என்று கதை. மரமே இல்லாத ஊரில் ஒளிய இடமில்லாமல் ஒரு கொலை. அருமை. இயன் ரேங்கினின் ரீபஸ் என்கிற போலீஸ்காரன் வரும் வரிசை எடின்பரோ நகரத்தில் நடப்பது, 1987ல் தொடங்கியது. முதல் புத்தகத்திலிருந்துதான் படிப்பேன் என்று அடம் பிடிக்காமல் 'ப்ளாக் அண்ட் ப்ளூ'வில் ஏறிக்கொள்ளுங்கள், 1997. ரீபஸ் நம்மோடு சேர்ந்து நிஜமாகவே வயதாகிறான், 60ல் ரிட்டயர் ஆகிறான், அதற்கு அப்புறமும் வீட்டில் இருக்க முடியாமல் திரும்பி வருகிறான். நம் வீட்டுப் பெரியவர்கள் ரிட்டயர் ஆன மறுநாளும் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார்களே, அது மாதிரி.

மிக் ஹெரனின் 'ஸ்லோ ஹார்சஸ்', 2010. இதுவும் தண்ணியில்லாத காடுதான். உளவுத்துறையில் சொதப்பியவர்களை எல்லாம் லண்டனில் ஒரு அழுக்குக் கட்டிடத்தில் போட்டு, உருப்படாத பேப்பர் வேலை கொடுத்து, தானாக ராஜினாமா செய்துவிட்டுப் போகட்டும் என்று விடுகிறார்கள். மேலாளர் ஜாக்சன் லாம்ப் பேசுவதைப் படித்துவிட்டு பஸ்ஸில் தனியாகச் சிரித்திருக்கிறேன், பக்கத்து சீட்டு அக்கா எழுந்து வேறு இடம் போய்விட்டார். சீரியலாக வந்துவிட்டது, ஆனால் அந்த வாக்கியங்களின் விஷம் பக்கத்தில்தான் இருக்கிறது.

ரிச்சர்ட் ஆஸ்மனின் 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்', 2020, முதியோர் குடியிருப்பில் நாலு பேர் துப்பறிவது. எல்லாரும் கேட்கிற புத்தகம். நன்றாக இருக்கிறது, சுடச்சுட வந்த தேங்காய் பன் மாதிரி, தின்று முடித்த அரை மணியில் மறந்துவிடும். ராபர்ட் கால்பிரெய்த் என்ற பெயரில் ஹாரி பாட்டர் எழுதிய ரௌலிங் எழுதுவதில் முதல் இரண்டு பரவாயில்லை, அப்புறம் தலைகாணி ஆகிவிட்டது. இது என் கருத்து. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

கிரைம் அல்லாததில் இரண்டு. டக்ளஸ் ஸ்டுவர்ட்டின் 'ஷகி பெய்ன்', 2020 புக்கர் பரிசு வாங்கியது. 1980கள், கிளாஸ்கோ, சுரங்கம் மூடி ஆண்களெல்லாம் வேலையில்லாமல் நிற்கிற குடியிருப்பு, குடியிலிருந்து மீள முடியாத அம்மா, அவளைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்புகிற சின்னப் பையன். கோயம்புத்தூரில் மில்கள் ஒவ்வொன்றாக மூடிய காலத்தில் வளர்ந்தவர்களுக்கு, சைரன் நின்றுபோன தெரு எப்படி இருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டாஸ்மாக் வாசலில் அப்பாவுக்காக நிற்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம், இங்கே அம்மா. அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொன்று எனக்குப் பெருமை: ஸ்டுவர்ட் டெக்ஸ்டைல் படித்தவர், நியூயார்க்கில் வருடக்கணக்காக ஆடை வடிவமைத்தவர். அதனால்தான் அந்த அம்மா போடும் ஒவ்வொரு கோட்டின் துணியும் தையலும் தெரிகிறது. நம்ம லைன் ஆள்.

இரண்டாவது கசுவோ இஷிகுரோவின் 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே'. 1989 புக்கர், கொஞ்சம் பழசுதான், பரவாயில்லை. ஒரு பெரிய பங்களாவின் பட்லர். அப்பா மாடியில் சாகக் கிடக்கிறார், இவர் கீழே விருந்தாளிகளுக்கு ஊற்றிக்கொடுத்துக்கொண்டு, நான் நன்றாகத்தான் இருக்கிறேன், கொஞ்சம் அசதி என்கிறார். "சற்றே கவலையாக இருக்கிறது" என்ற மெயிலை முழுசாகப் புரிந்துகொண்டது இதைப் படித்த பிறகுதான்.

படிக்கிறபோது இடறுகிற ஒன்றிரண்டு. யார்க்‌ஷயர் கிழவர்கள் 'நவுட்' என்றால் ஒன்றுமில்லை, 'அவுட்' என்றால் ஏதாவது. டிக்‌ஷனரியைத் தேடாமல் வாய்விட்டுப் படித்தால் பாதி புரிந்துவிடும், நாமே எழுத்தில் ஒன்று வாயில் ஒன்று என்று வாழ்கிறவர்கள்தானே. அப்புறம் அந்த ஊர் போலீஸ்காரர்கள் பெரும்பாலும் துப்பாக்கி வைத்திருப்பதில்லை. 1984ல் வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகு விசாரணை முழுக்க ரெக்கார்டர் ஓடும், கேட்டால் பக்கத்தில் வக்கீல் இருப்பார். நம் சினிமா போலீஸ் பார்த்துப் பழகியவர்களுக்கு, ஒரு அறை, ஒரு மேஜை, ஓடுகிற டேப், இதில் எப்படிடா உண்மை வரும் என்று இருக்கும். அதுதான் வேடிக்கை. அடிக்க முடியாதபோது கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கே கிடைக்கும் என்றால், கிண்டிலில் அநேகமாக எல்லாம் இருக்கிறது, பழசு வேண்டுமென்றால் உக்கடம், ஆகஸ்ட்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் ஆங்கில ஸ்டால்களின் அடியில் குனிந்து பார்த்தால் சில சமயம் அதிர்ஷ்டம் அடிக்கும். தம்பி, உனக்கு 'ட்ரை சீசன்' என் மேஜை டிராயரிலேயே இருக்கிறது, திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள். டீ டம்ளர் வட்டம் நான் போட்டதில்லை, நீயும் இன்னொன்று போடாதே. 'ரேவன் ப்ளாக்' மட்டும் கேட்காதே, அதை இரண்டு வருடத்துக்கு முன்னால் பெருந்துறைக்காரர் ஒருவர் வாங்கிப்போனார். இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்ங்க.